என் வயிற்றுக்கு ஒரு நீல நோட்டு

புத்தாண்டு அன்று காலை பத்து மணிக்கு நான் ஒரு மாபெரும் தீர்மானம் எடுத்தேன். இந்த வருஷம் என் மனைவி மார்லிஸ் சொல்வதைக் கேட்பதில்லை. பத்தேகாலுக்கு அவள் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். போனேன்.

மேஜைமேல் புதிதாக ஒரு நீல நோட்டு. பக்கத்தில், ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் கொடுத்த பட்டியல்.

"என்னங்க, இன்னையிலேர்ந்து வெங்காயம் கிடையாது."

"சரி."

"பூண்டு கிடையாது."

"ம்."

"கோதுமை, பால், ஆப்பிள், பீன்ஸ், காலிஃபிளவர், தேன்..."

"மூச்சாவது விடலாமா?"

"மூச்சு தாராளமா விடுங்க. நீங்க விடற மத்ததுதான் பிரச்சினை."

எனக்கு வந்திருப்பது குடல் எரிச்சல் நோயாம். முப்பத்திரண்டு வருஷமாக மார்லிஸோடு குடித்தனம் நடத்துவது நான்; எரிச்சல் மட்டும் குடலுக்கு! அதோடு, எங்கள் மினசோட்டா மாநிலத்திலேயே பெரிய பால் கூட்டுறவில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவனுக்குப் பால் கூடாதாம். யாரிடம் போய் முறையிடுவது?

கத்தியிருப்பேன். ஆனால் மார்ச் முதல் தேதி எங்கள் மகள் பிரிட்டாவுக்குக் கல்யாணம். சர்ச் வாசலிலிருந்து பீடம்வரை அவள் கையைப் பிடித்து நான்தான் அழைத்துப்போக வேண்டும். போன வருஷம் என் தம்பி மகன் கல்யாணத்தில், மாப்பிள்ளை உறுதிமொழி சொல்ல வாயெடுத்த நேரத்தில் நான் எழுந்து கழிப்பறைக்கு ஓடினேன். பாதிரியாரே நிறுத்தி வேடிக்கை பார்த்தார். அதை நினைத்தோ என்னவோ, கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த பிரிட்டா, "அப்பா, உங்களுக்குக் கஷ்டம்னா நான் தனியாவே நடந்து வந்துடறேன்ப்பா" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க எதுவும் ஓடவில்லை.

அதனால் ஒப்புக்கொண்டேன். வேகவைத்த கேரட். வேகவைத்த கோழி. மறுநாள் மாறுதலுக்கு, வேகவைத்த கோழி, வேகவைத்த கேரட். மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்தபோது என் காது கொஞ்சம் நீண்டிருந்த மாதிரித் தெரிந்தது.

நாலாம் நாள் சனிக்கிழமை. பக்கத்து வீட்டு லோவெல் ஏரிக்குக் கூப்பிட்டான். உறைந்துபோன ஏரியின் நடுவில் அவனுக்கு ஒரு மீன்பிடிக் குடிசை உண்டு. பனிக்கட்டியில் இரண்டு ஓட்டை, ஒரு அடுப்பு, இரண்டு ஸ்டூல். மார்லிஸ் கட்டிக்கொடுத்த, பொரியை அழுத்திச் செய்த அரிசி வட்டுகளோடு போனேன். கதவைத் திறந்ததும் பூண்டு வாசனை என் சட்டையைப் பிடித்து இழுத்தது.

அடுப்பின்மேல் ஒரு தட்டு நிறைய ஹாட்டிஷ்! கொத்துக்கறி, அதன்மேல் வெள்ளைக் குழம்பு, அதன்மேல் மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு உருண்டைகள். பட்டியலில் தடை செய்த அத்தனை பேரும் ஒரே பாத்திரத்தில் கூட்டம் போட்டிருந்தார்கள்.

"லோவெல், யாருடா செஞ்சது?"

"நான்தான்."

"நீயா? டோஸ்ட்டையே கருக்கி, தீயணைப்பு வண்டியை வரவழைச்சவனாச்சேடா!"

"எங்கம்மா கைப்பக்குவம். திடீர்னு வந்துடுச்சு. உனக்கு வேணாம்ல? மார்லிஸ் திட்டுவாங்க."

"மார்லிஸ் என்ன என் எஜமானியா?"

"ஆமா."

"அது வீட்டுல. இது ஏரி. பெரிய கரண்டியா எடு."

பாதித் தட்டைக் காலி செய்தேன். அரிசி வட்டுகளை ஓட்டை வழியாக மீனுக்குப் போட்டேன். மீன்கூடத் தொடவில்லை. வாயில் பூண்டு வாசனை போகப் பனியை அள்ளித் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"நீ குடுத்த வட்டுதான். வேற என்ன?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நீல நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அன்று வயிறு கடமுடா என்று மிரட்டும் என்று பயந்து காத்திருந்தேன். சத்தமே இல்லை. அடுத்த சனியும் ஹாட்டிஷ். அடுத்த ஞாயிறும் அமைதி. வீட்டுச் சமையலால் கெட்ட குடல், லோவெல் சமையலால் தேறுகிறது! விஞ்ஞானிகளுக்குக் கடிதம் எழுதலாமா என்றுகூட யோசித்தேன்.

ஆறாவது வாரம்தான் ஒரு சறுக்கல். ஞாயிறு பிரசங்கத்தின் நடுவில் இரண்டு முறை ஓடினேன். வீடு வந்ததும் குதித்தேன்.

"எல்லாம் உன் கேரட்டால வந்தது!"

"இருக்கும்ங்க" என்று எழுதிக்கொண்டாள்.

முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் 'இருக்கும்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஜெயித்த மமதையில் விட்டுவிட்டேன்.

மார்ச் முதல் தேதி. பிரிட்டா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அப்பா, வயிறு?" என்று காதோடு கேட்டாள். "கம்முனு இருக்கும்மா. நட" என்றேன். நடந்தோம். ஒவ்வொரு வரிசையிலும் ஆட்கள் வழிவிடத் தயாராகக் காலை மடக்கிக்கொண்டதைப் பார்த்தேன். நான் ஓடவில்லை. பீடத்தில் அவளை ஒப்படைத்தபோது கண்தான் நனைந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

விருந்து, சர்ச்சின் நிலவறைக் கூடத்தில். அந்தச் சந்தோஷத்தோடு நிறுத்தியிருக்கலாம். புத்தி வேண்டாமா? ஒரு பூண்டு ரொட்டியை எடுத்து உயர்த்திப் பிடித்துக்கொண்டு மார்லிஸ் முன்னால் போய் நின்றேன்.

"மார்லிஸ், இனிமே உன் பட்டியலை அடுப்புல போடு. எட்டு சனிக்கிழமையும் நான் லோவெலோட ஹாட்டிஷைத்தான் தின்னேன்! வெங்காயம், பூண்டு, பால், எல்லாம்! என் வயித்துக்கு என்ன ஆச்சு?"

லோவெல் அவசரமாகக் கல்யாணக் கேக்கின் பின்பக்கத்தை ஆராயப் போய்விட்டான்.

மார்லிஸ் பதற்றமே இல்லாமல் மேஜையைக் காட்டினாள். அங்கே லோவெல் கொண்டுவந்த ஹாட்டிஷ் தட்டு, வழித்துத் துடைத்துக் காலியாக இருந்தது.

"அதைத் திருப்பிப் பாருங்க."

எங்கள் சர்ச்சில் பாத்திரம் மாறிப்போகாமல் இருக்க, ஒவ்வொருத்தியும் தட்டின் அடியில் காகித டேப் ஒட்டிப் பெயர் எழுதிவைப்பது வழக்கம். திருப்பினேன். டேப்பில் நீல மையில் 'மார்லிஸ்'.

"பா... பாத்திரத்தை மட்டும் இரவல் குடுத்திருப்பே!"

"பூண்டை எண்ணெயில வதக்கித் தூக்கிப் போட்டுட்டு, எண்ணெயை மட்டும் ஊத்தினேன். வெங்காயத்துக்குப் பதிலா வெங்காயத்தாளோட பச்சை. உங்களுக்கு ஒத்துக்கிற பால்."

"அதை நேரா எனக்கே குடுக்கறதுக்கென்ன?"

"நேரா குடுத்தா பத்தியச் சாப்பாடுன்னு மூஞ்சியச் சுளிப்பீங்க. திருட்டுத்தனமாக் கிடைச்சா தட்டையே நக்குவீங்க."

கைப்பையிலிருந்து நீல நோட்டை எடுத்து நீட்டினாள். புரட்டினேன்.

'பிப்ரவரி 8, சனி: சோதனைக்காகக் கால் வெங்காயம் சேர்த்தேன். 9, ஞாயிறு: பிரசங்கத்தின் நடுவில் இரண்டு ஓட்டம். கேரட்டைத் திட்டினார்.'

கடைசிப் பக்கத்தை அன்று காலையிலேயே எழுதிவைத்திருக்கிறாள்; மை நன்றாகக் காய்ந்திருந்தது.

'மார்ச் 1, சனி: விருந்தில் பூண்டு ரொட்டியை எடுத்தார். தானாகவே திரும்ப வைத்துவிட்டார்.'

வைத்துவிட்டேன்.