வாணாம் சார் கம்ப்யூட்டர் விற்ற கதை

சாமான் வாங்க வந்தவரை வெறுங்கையோடு திருப்பி அனுப்பிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் டீ சொல்லிக் குடிக்கிற கடைக்காரர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் திண்டிவனத்தில் இருந்தார். ஊரில் அவருக்கு வாணாம் சார் என்று பெயர். சொந்தப் பெயர் கடைப் பலகையில் இருந்ததாம். மழையில் அது அழிந்த பிறகு புதிதாக எழுதவில்லை. எழுத வந்த பெயின்டரிடமும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், எங்கள் வீட்டுக்குத் திரும்பும் முனையில் கடை. முதலில் ரேடியோ ரிப்பேர், பிறகு டி.வி. ஊரெல்லாம் கம்ப்யூட்டர் பேச்சு கிளம்பியதும் மெட்ராஸுக்குப் போய் மானிட்டர், கீபோர்டு, ஃப்ளாப்பி, பிரிண்டர் ரிப்பன், ஸ்டெபிலைசர் எல்லாம் வாங்கி வந்து கண்ணாடி அலமாரியில் அடுக்கினார். அடுக்கியது அடுக்கியபடியே இருந்தது. யாராவது ஒன்றைத் தொட்டுக் கேட்டால், "வாணாங்க. அடுத்த வருசம் வெல கொறையும். இத்தவிட நல்லதா வேற வரும்" என்பார். அடுத்த வருடம் வந்து கேட்டாலும் அதையேதான் சொன்னார். இரண்டு வருடமும் அவர் சொன்னது உண்மையாகவே இருந்தது. அதுதான் அவருக்கு வந்த வினை.

நானும் ஒருமுறை மாட்டினேன். டி.வி.யில் இணைத்து, டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டு ஓட்டுகிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று வந்திருந்தது. இப்போதே வீட்டில் பழக்காவிட்டால் பிள்ளைகள் பின்தங்கிவிடும் என்று என் கணவரின் நண்பர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வாங்காவிட்டால் நாளைக்கு மகள் நம்மைக் கேட்பாளோ என்று ஒரு பயம், வாங்கினால் பால்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு பயம். கடைசியில் மகளையே இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் நின்றேன்.

"யாருக்கும்மா?"

"பாப்பாவுக்குத்தாங்க."

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். "பல்லு எத்தினி மொளச்சிருக்குது?"

"நாலுங்க."

"அப்போ கீபோர்டக் கடிக்கத்தான் ஆவும். வாணாம்மா. ரெண்டு எலந்தப்பழ மிட்டாய் வாங்கிக் குடு, அதுவும் கொட்டை இல்லாம."

ஒரு டுடோரியல் காலேஜ்காரர் கலர் மானிட்டர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதை நானே பார்த்தேன். "இன்னா சார் பண்ணப் போறீங்க அத வெச்சிக்கினு?" என்று இவர் கேட்டார். வரவு செலவுக் கணக்கு என்றார் அவர். "கணக்குக்கு என்னாத்துக்கு சார் கலரு? நஷ்டம் செவப்பாத் தெரிஞ்சா மனசு ஆறிடுமா? பச்ச எழுத்தே போதும். அதுவும் இப்ப வாணாம்."

எல்லாவற்றுக்கும் மேல் அரிசி மில்காரர் விஷயம். விழுப்புரத்தில் இருக்கிற பங்காளி ஆபீஸில் கம்ப்யூட்டர் வைத்துவிட்டானாம். தனக்கும் உடனே, ஜல்தியாக, ஒன்று வேண்டுமாம். அதைப் போடத் தெரிந்தவர் யார் என்று இவர் கேட்டார். யாருமில்லை. "பங்காளியோடத நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டார். கவர் போட்டு மூடியிருந்ததால் பார்க்கவில்லை என்று மில்காரர் ஒப்புக்கொண்டார். உடனே வாணாம் சார் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை மட்டும் எடுத்து நீட்டினார். "இது போதுங்க. உள்ள ஒரு அட்டப்பெட்டிய வெச்சி மூடிடுங்க. வர்றவங்க பாக்கறது கவரத்தான்." மில்காரர் அப்படியே செய்தார். அந்த அறைக்குள் நுழைகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகிறார்கள் என்று கேள்வி.

ஊர் சிரித்தது. அவர் மனைவி தனபாக்கியம் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வாடகை நின்று போயிருந்தது. தை பிறந்தால் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

நான் விழுப்புரத்தில் ஓர் உர ஏஜென்சி ஆபீஸில் பில் அடிக்கிறேன். கம்ப்யூட்டர் வகுப்புக்குச் சில மாதம் போனவள் என்பதால், எங்கே என்ன வாங்கலாம் என்று மேனேஜர் என்னைத்தான் கேட்டார். மெட்ராஸில் வாங்கினால் ரிப்பேருக்கு யார் வருவார்கள், வாணாம் சாரிடம் போனால் இவர் விற்பாரா என்று ஒரு வாரம் மனதுக்குள் புரட்டினேன். பிறகு இவர் கடையையே சொன்னேன். சேதி தெரிந்து அக்கா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இந்த ஒண்ணாச்சும் வித்துப்புட்டா கட தப்பிச்சிக்கும். பேச்சு பூரா நீ பேசிடு. அவரு வாயி எம் பொறுப்பு."

"எப்பிடிக்கா?"

"ஸ்குரு இருக்குது இல்ல?"

வாணாம் சார் ரிப்பேர் பார்க்கும்போது கழற்றிய ஸ்குருக்களை உதட்டில் கவ்விக்கொள்வார். மறுபடி மாட்டும் வரை பேச மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்குவதற்குச் சற்று முன்பு, அக்கா தன் வீட்டு ரேடியோவையே கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டார்.

"நல்லாத்தான பாடிக்கினு இருந்திச்சி?"

"கரகரங்குது. தொறந்து பாருங்க."

திறந்தார். உதட்டில் ஸ்குருக்கள் வரிசையாக ஏறின.

மேனேஜர் பார்த்துப் பார்த்துக் கேட்டார், நான் பதில் சொன்னேன். பச்சை மானிட்டர் போதும், ஹார்டு டிஸ்க் இல்லாமல் இரண்டு ஃப்ளாப்பி டிரைவ் இருந்தால் நம் கணக்குக்குச் சரியாக இருக்கும், எங்கள் ஊர் கரண்டுக்கு நல்ல ஸ்டெபிலைசர்தான் முக்கியம், ரிப்பன் இங்கேயே கிடைக்கும். சொல்லச் சொல்ல, தப்பாகச் சொல்கிறோமோ என்று மகளை இந்த இடுப்புக்கும் அந்த இடுப்புக்கும் மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றுக்கும் வாணாம் சாரைப் பார்த்தேன். அவர் முகம் சிவந்து, கண் பிதுங்கி, ஸ்குருவைக் கவ்வியபடி தலையை மட்டும் ஆட்டினார். வாசல்படியில் அக்கா கும்பிட்ட கையை எடுக்கவில்லை. மேனேஜர் "சரி, எடுத்துடலாம்" என்றே சொல்லிவிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கிளம்புகிற உற்சாகத்தில் என் பக்கம் திரும்பி, "இது வந்துட்டா ரெண்டு ஆள் வேலைய இதுவே பாத்துடும் இல்லம்மா? பில் செக்ஷன்ல ஆளக் கொறச்சிடலாம்" என்றார். வேறு ஏதோ சாதாரண விஷயம் போலத்தான் சொன்னார். பில் செக்ஷனில் கடைசியாகச் சேர்ந்தவள் நான்.

ஸ்குருக்கள் ஒவ்வொன்றாக மேசையில் விழுகிற சத்தம் கேட்டது.

"வாணாம், சார்."

"என்ன?"

"இந்தக் கரண்டுக்கு இது நிக்காது. பேஜாரு. அடுத்த வருசம் பாத்துக்கலாம். அதுவரைக்கும் இந்தம்மா அடிக்கிற பில்லே போதும்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். சரக்கை வைத்திருப்பவரே வேண்டாம் என்ற பிறகு யார் பேச்சு எடுபடும்? ஜீப் போய்விட்டது. தனபாக்கியம் அக்கா குனிந்து, கீழே உருண்டிருந்த ஒரு ஸ்குருவைப் பொறுக்கி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அந்த வருடம் ஆபீஸில் கம்ப்யூட்டர் வாங்கவில்லை. நான் இன்னும் டைப்ரைட்டரில்தான் பில் அடிக்கிறேன். சம்பளம் வாங்குகிற நாளிலெல்லாம் ஒரே கேள்வி வந்து நிற்கும்: அன்றைக்கு அவர் என் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்துத்தான் வாயைத் திறந்தாரா, அல்லது பழக்கதோஷமா? என் கணவர் பழக்கதோஷம் என்கிறார். சில நாள் எனக்கும் அப்படித் தோன்றும். ஆனால் பில் அடிப்பது நான் என்று அவரிடம் அதற்கு முன் நான் சொல்லியிருந்தேனா இல்லையா என்று யோசிக்க ஆரம்பித்தால், தூக்கம் போய்விடும்.

தை பிறந்தது. மெட்ராஸிலிருந்து வேன் வந்து அலமாரிச் சரக்கை ஏற்றிக்கொண்டு போனது. ஏற்ற வந்தவர்களிடம் கூட, மானிட்டரைப் படுக்க வைக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனார். இருவரும் கண்டாச்சிபுரத்தில் அக்காவின் தம்பி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அந்தத் தம்பிக்கு அங்கே மளிகைக் கடை.

சித்திரையில் ஒரு கல்யாணத்துக்கு மகளோடு கண்டாச்சிபுரம் போயிருந்தேன். பஸ் ஏறுவதற்கு முன்பு அந்தக் கடையைத் தேடிப் போனேன். சந்தை நாள், நல்ல கூட்டம். அவர் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்குக் கேட்டதைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். அக்கா என்னை ஓரமாக அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னார்: "வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லித்தாம்மா எந் தம்பி ஒக்கார வெச்சிக்கிறான். எந் தலைல கைய வெச்சி சத்தியம் பண்ணிக்கிறாரு."

நான் முன்னால் போய் நின்று மல்லாட்டைக் கடலை கேட்டேன். பேரீச்சம்பழம் கேட்டேன். எங்கள் வீட்டில் யாருமே சாப்பிடாத ஜவ்வரிசிகூடக் கேட்டேன். எல்லாவற்றையும் நிறுத்து, நூல் சுற்றி, என் பக்கம் தள்ளினார். என்னை அடையாளம் தெரிந்தது, கண்ணில் தெரிந்தது. மகள் இப்போது நன்றாக நடக்கிறாள், அவளைப் பார்த்துச் சிரித்தார். நான் கேட்க வந்ததை, அத்தனை பேர் நடுவில் கேட்க முடியவில்லை.

தெருமுனையில் திண்டிவனம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை, என்ன வார்த்தையாக இருந்தாலும், பேசியிருந்தால், அந்தப் பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்று கேட்டிருப்பேன்.