அக்காவின் போர்வையும் மாமாவின் சட்டையும்

பாடம் கற்றவர்கள் என்று ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. பள்ளிப் பிள்ளைகளைச் சொல்லவில்லை. அவர்கள் பரீட்சை முடிந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள், யாருக்கும் தொந்தரவில்லை. நான் சொல்வது, வாழ்நாளில் ஒரே ஒரு பொருளைத் தன் கையால் செய்து முடித்துவிட்டு, அந்தப் பொருளைவிட அதிலிருந்து கற்ற பாடத்தைப் பெரிதாகத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களை. என் மேலதிகாரி தொட்டியில் தக்காளி வளர்த்தார். ஒரு காய் காய்த்தது. அன்றிலிருந்து பதவி உயர்வு கேட்டுப் போகிறவனுக்கெல்லாம், "விதை போட்ட உடனே காய்ச்சிடுமா தம்பி?" என்ற பதில்தான் கிடைக்கிறது.

ஆனால் இந்த இனத்தின் முழு வளர்ச்சியைக் காண வேண்டுமானால் என் அக்கா வீட்டுக்குத்தான் வர வேண்டும். அக்கா ஒட்டுத்துணிப் போர்வை தைத்தாள். பழைய துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, நடுவில் பஞ்சைப் பரப்பி, அடியில் ஒரு துணி கொடுத்து, மூன்றும் நகராதபடி முழுக்கக் கையாலேயே தையலோட்டி, விரலில் குத்திக்கொண்டு, சிக்கு விழுந்த நூலைத் திட்டி, பிரித்து, மறுபடி தைத்து, சாப்பாட்டு மேசையை அபகரித்துக் குடும்பத்தையே தட்டை மடியில் வைத்துச் சாப்பிடப் பழக்கி, ஒருவழியாக முடித்தாள். நிஜமாகவே அழகான போர்வை. அதை நான் மறுக்க மாட்டேன்.

முடித்தவள் சும்மா இருந்தாளா? கூடத்துச் சுவரில் மாட்டினாள். வருகிறவர்களை அதன் எதிரே உட்கார வைத்தாள். "இது எனக்கு மூணு விஷயம் கத்துக் கொடுத்துச்சு" என்று தொடங்குவாள். பொறுமை முதலாவது. அதை விளக்கும்போது யாராவது குறுக்கே பேசினால் தொலைந்தார்கள். குறையை ஏற்றுக்கொள்வது இரண்டாவது. ஓரத்தில் ஒரு சதுரம் கோணலாகப் போயிருப்பதை அவளே காட்டி, கோணல்தான் அழகு என்பாள். ஒருநாள் அதே கோணலைப் பக்கத்து வீட்டு அம்மா காட்டிவிட்டார். பாவம், அந்த அம்மா இப்போது இந்தப் பக்கம் வருவதில்லை.

மூன்றாவது பாடம் பற்றை விடுவது. அக்காவின் கணவரான மாமாவுக்கு வினை அதில்தான் வந்தது. பாதியில் துணி போதாமல் போனபோது, 'பழைய துணி' என்பதற்கு அக்கா கொஞ்சம் தாராளமாகப் பொருள் எடுத்துக்கொண்டாள். காணாமல் போன தன் நீலக் கோடு போட்ட சட்டையைப் பீரோவிலும் சலவைக்கடையிலும் தேடி அலுத்த மாமா, கடைசியில் அதைப் போர்வையின் இரண்டாம் வரிசையில் கண்டுபிடித்தார்.

"இது புதுசும்மா."

"ஒரு சட்டைமேல என்னங்க அவ்வளவு பற்று? நான் விடக் கத்துக்கிட்டேன்."

"நீ விட்டது என் சட்டையை."

அந்தப் போர்வையைப் போர்த்திக்கொள்ள மட்டும் யாருக்கும் அனுமதியில்லை. கசங்கிவிடுமாம்.

மழைக்காலத்தில் மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது. நான் பார்க்கப் போனபோது, கூடத்துச் சோபாவில், மெல்லிய விரிப்பு ஒன்றைச் சுற்றிக்கொண்டு, பற்கள் தந்தியடிக்கக் கிடந்தார். எதிர்ச் சுவரில் பஞ்சு வைத்த போர்வை. அக்கா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சலும் பொறுமையைத்தான் கத்துக் கொடுக்குது" என்றாள்.

"போர்வை வேணாம்மா" என்றார் மாமா. "அதுல இருக்கிற என் சட்டையை மட்டுமாவது பிரிச்சுக் கொடு. போட்டுக்கிறேன்."

அக்கா பாடத்தை நிறுத்தினாள். இந்த இனத்தில் இது மிக அபூர்வம். எழுந்தாள், நாற்காலி போட்டு ஏறினாள், போர்வையை இறக்கி அவர் கழுத்துவரை போர்த்தி, ஓரங்களை உள்ளே செருகினாள். கண் கலங்கியிருந்தது. மெல்ல மெல்ல நடுக்கம் நின்று மாமா குறட்டைவிடத் தொடங்கினார்.

அடுத்த வாரம் போனேன். போர்வை மறுபடி சுவரில் இருந்தது. கையெழுத்து வாங்க வந்த கூரியர்காரரை எதிரே உட்கார வைத்து, "நாலாவது விஷயம், கொடுக்கிறது" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். "அடுத்த போர்வை அதைப் பத்திதான்." உள்ளே மாமா பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் இதைப் படித்து முடித்த கையோடு, "இதுல இருந்து என்ன தெரியுதுன்னா" என்று பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பத் தோன்றினால், கொஞ்சம் பொறுங்கள். அவர் எழுந்துபோய்ப் பீரோவைப் பூட்டிவிட்டு வரட்டும்.