கண்ணை மூடினால் காது திறக்கும்

உலகத்தில் எல்லா நோய்க்கும் மருந்து வந்துவிட்டது; பாக்கி இருந்தது ஒயர் வியாதி ஒன்றுதான். அதற்கும் வைத்தியர் வந்துவிட்டார், கவலையை விடுங்கள்.

கடைவீதியில், செருப்புக் கடைக்கு மேல் மாடியில், ஞாயிறுதோறும் அவருடைய தரிசனம். பெயர் நாதச் சித்தர். ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் இணைக்கிற ஒயர் விற்கிறார். சும்மா ஒயரா? வெள்ளிக் கம்பி, பட்டுச் சுற்று, பௌர்ணமியில் முறுக்கியது! ஒரு முழத்தின் விலைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம். படிக்கட்டு வரை கூட்டம். அத்தனையும் படித்த கூட்டம். படிக்காதவன் விலையைக் கேட்டதுமே சிரித்துவிட்டுப் போயிருப்பான்.

முன்வரிசையில் நம் வாத்தியார். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவர். கம்பியில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்று வாரம் முழுக்கக் கரும்பலகையில் எழுதுவார். ஞாயிறு வந்தால் மூளையை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு இங்கே வந்துவிடுவார். இன்று அவர் சட்டைப் பையில் ஒரு கட்டுப் பணம். அப்பாவின் கண்புரை ஆபரேஷனுக்கு வைத்திருந்தது.

பக்கத்தில் அவர் மனைவி. தபாலாபீஸ் கவுண்டரில் வேலை.

"என்னங்க, மாமா நேத்து படி தெரியாம விழப் பார்த்தாரு. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். இந்தக் காச இங்க குடுத்துட்டா?"

"அப்பா ஆறு மாசம் பொறுத்துக்குவாரு. ஒயர் விலை அடுத்த வாரம் ஏறுதாம்."

"அவரு பொறுப்பாரு. கண்ணு பொறுக்குமா?"

"ஷ்ஷ்! சித்தர் வர்றாரு."

வெள்ளை ஜிப்பாவில் வந்தார் சித்தர். முதலில் சாதாரண ஒயரில் ஒரு பாட்டு ஓடியது. பிறகு வெள்ளி ஒயரை மாட்டினார்.

"கண்ண மூடுங்க. கண்ண மூடினாத்தான் காது தெறக்கும்."

அத்தனை பேரும் சமர்த்தாக மூடிக்கொண்டார்கள். வாத்தியாரின் மனைவி மட்டும் மூடவில்லை. கவுண்டரில் உட்கார்ந்து பழகியவள். எதிரே இருப்பவர் கை எங்கே போகிறது என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. சித்தரின் வலது கை ஜிப்பா பைக்குள் போனது. ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு, யாரும் தொடாமலே, மெல்லத் திரும்பியது.

"ஆஹா!" என்றது கூட்டம்.

அவள் எழுந்தாள். "சித்தரே, எங்க வீட்டு ஒயரையும் கொண்டாந்திருக்கேன். நானே மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கட்டுமா?"

கைப்பையிலிருந்து வெளியே வந்தது, உடைந்த மேஜை விளக்கின் ஒயர். வாத்தியாரே வெட்டி, நுனி சீவி, வீட்டு ஸ்பீக்கருக்கு மாட்டியிருந்தது. கூட்டம் சிரித்தது.

"மானத்த வாங்காதடி!" என்று வாத்தியார் பல்லைக் கடித்தார்.

சித்தருக்கோ கொண்டாட்டம். குப்பைக்குப் பக்கத்தில் வைத்தால்தானே மாணிக்கம் மின்னும்! "தாராளமா, தாயே."

"நீங்களும் கையக் கட்டிக்கிட்டு, கண்ண மூடிக் கேட்டுச் சொல்லுங்க. உங்க காத விட நல்ல சாட்சி ஏது?"

புகழ்ச்சி யாரை விட்டது? சித்தர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாக் கண்களும் மூடின. அவள் வெள்ளி ஒயரைக் கழற்றி விளக்கு ஒயரை மாட்டினாள். பாட்டு ஓடியது.

"இது எங்க வீட்டு ஒயர்."

"தகரம்! ஜீவனே இல்ல," என்றார் சித்தர்.

"இப்ப கேளுங்க, உங்க ஒயர்."

மறுபடி அதே பாட்டு.

"ஆஹா! வெள்ளி பேசுது! பாடறவங்க மூச்சு விடறது கூடக் கேக்குதே!" சித்தர் ஆடினார். கூட்டம் ஆடியது. நம் வாத்தியாருக்குக் கண்ணோரம் ஒரு சொட்டு நீர்.

"எல்லாரும் கண்ணத் தெறங்க."

வெள்ளி ஒயர் அவள் கையில் தொங்கியது. ஆம்ப்ளிஃபயரில் மாட்டியிருந்தது விளக்கு ஒயர்.

"ரெண்டாவது தடவை நான் ஒயர மாத்தவே இல்லீங்க. சத்தத்தக் கொஞ்சம் கூட்டினேன், அவ்வளவுதான். கூட்டினா எந்தப் பாட்டும் நல்லாத்தான் இருக்கும். இவரு ஒயர் மாத்தறப்பவும் அதேதான் நடக்குது. திருகு தானா சுத்துது. அப்ப இவரு கை பையில இருக்கு."

"அவிசுவாசி! உன் கை பட்டு ஒயரோட சக்தி போச்சு!" என்று சித்தர் வாசல் பக்கம் நழுவினார்.

வாத்தியார் குறுக்கே போய் நின்றார். முகம் காது வரை சிவந்திருந்தது. ஜிப்பா பையை வெளியிலிருந்தே கட்டைவிரலால் அழுத்தினார். திருகு சுற்றியது. பாட்டு அலறியது. "யோவ், மேல என்னய்யா கூத்து?" என்று கீழே செருப்புக் கடைக்காரர் கத்தினார். பைக்குள்ளிருந்து வந்தது ஒரு ரிமோட்.

பாதிப் பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கடைசி வரிசையில் ஒரு பெரிய மனிதர் மட்டும் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார்: "அந்த ரிமோட் தனியா கிடைக்குமா? வெள்ளியில உண்டா?"

வெள்ளிக்கிழமை வாத்தியாரின் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தது. கட்டு அவிழ்த்ததும் மகனைத்தான் முதலில் பார்த்தார்.

"ஏண்டா, தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கற?" என்றார்.

மகன் சொட்டு மருந்து வாங்கக் கிளம்பிவிட்டார். புரை விழுந்த கண்ணுக்கு டாக்டர் இருக்கிறார். எவனோ சொன்னான் என்று நல்ல கண்ணை மூடிக்கொள்கிறவனுக்கு எந்த ஆஸ்பத்திரியில் ஐயா ஆபரேஷன்?