மிதக்கும் கல்லும் ஆறு லோரிகளும்

மலைமேல் திரிங்காப் வளைவில் சரிந்துபோன பாதையைச் சரிசெய்து, காலை எட்டு மணிக்கே தடுப்பை எடுத்துவிட்டார்கள். ஒன்பதரை ஆகியும் ஒரு லோரிகூட அதில் ஏறவில்லை. கொழுந்து மூட்டைகளும் கோஸுமாக ஆறு லோரிகள், வளைவுக்கு முன்னாலேயே வரிசையாக நின்றுவிட்டன.

பாதையைச் சரிசெய்த கம்பெனியின் சூப்பர்வைசர் யோகேந்திரன் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பன்னிரண்டு மணிக்குள் லோரி ஓடாவிட்டால் நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். இந்த மாதிரி விஷயத்தில் மட்டும் சொன்னதைச் செய்கிறவர் அவர்.

தப்பு யோகேந்திரன் வாயில்தான். முதல் லோரிக்காரர் அம்புரோஸ், உள்ளே எதைப் போட்டு நிரப்பினீர்கள் என்று கேட்டபோது, கான்கிரீட் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். படித்தவன் நிறுத்துவானா? நுரை கலந்த கான்கிரீட், மண்ணைவிட லேசு, சரிவுக்குப் பாரம் குறையும், அதனால் மறுபடி சரியாது என்றெல்லாம் விளக்கினான்.

"உள்ள பாதிக்கு மேல வெறும் காத்துதாண்ணே" என்று பெருமையாக முடித்தான்.

அம்புரோஸ் எஞ்சினை அணைத்தார்.

நம்பிக்கை வரட்டுமென்று மாதிரிக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து தண்ணீர் டிரம்மில் போட்டான். அது மிதந்தது. மற்ற ஐந்து எஞ்சின்களும் அணைந்தன.

புதுப் பாதை என்றால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத்தானே ஏறுவோம் என்று யாரோ முனகினார்கள். யோகேந்திரன் அதைப் பிடித்துக்கொண்டான். கியா பார்ம் சந்தைக்கு மோட்டார் சைக்கிளில் பறந்து பழம் வாங்கி வந்தான். இரண்டாவது லோரி பழனியப்பன் மூட்டையைத் திறந்து பார்த்தார்.

"நல்ல ரோடுன்னா நாலு பழம் போதும்லா. எதுக்கு ஒரு மூட்டை?"

வேதக்காரரான அம்புரோஸ் யோகேந்திரனிடம் திரும்பினார். "நீ முனியாண்டியக் கும்பிடு, நான் மாதாகிட்ட வேண்டிக்கிறேன். ரெண்டு பேரும் கைவிட்டா யாரு தம்பி வருவா?"

மணி பதினொன்றரை. யோகேந்திரன் புதுப் பாதை நடுவில் போய் நின்று குதித்தான். இருபது தடவை. மேலே மலையில் கொழுந்து பறித்தவர்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"நீ அறுபது கிலோ" என்றார் அம்புரோஸ். "என் லோரி பதினாறு டன்."

மூச்சு வாங்கத் திரும்பி வந்தவன், லோரிகளுக்குப் பக்கத்தில் இருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தான். கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டான். வேர்வையாம். அம்புரோஸுக்கே மனசு கேட்கவில்லை. அவனுக்கு ஒரு தேத்தண்ணி சொன்னார்.

கடைக்காரி வசுமதி கோப்பையை வைத்துவிட்டு, விடிந்ததிலிருந்து வடைச் சட்டியோடு கிடந்தேன், என்ன தகராறு என்று கேட்டாள். அவன் நுரையிலிருந்து குதித்தது வரை சொன்னான்.

"அட, அதா? போன வருஷம் என் கடை முன்னால ரோடு சரிஞ்சப்ப வேற கம்பெனிக்காரங்க வந்து அதையேதான் ஊத்துனாங்க" என்றாள் வசுமதி. "காலையிலேருந்து உங்க ஆறு லோரியும் அதுமேலதானே நிக்குது."