தலையாட்டும் நிரலும் எங்கள் குலப்பெருமையும்

கணினிக்கு மானம் மரியாதையைக் கற்றுக்கொடுத்த முதல் குடும்பம் எங்களுடையதுதான். 2009-இல், சின்னமனூரில் எங்கள் உறவின்முறைத் திருமணத் தகவல் மையத்துக்கு ஒரு மென்பொருள் செய்யத் தீர்மானித்தோம். மையத்தின் கமிட்டிக்குத் தலைவர் நான். நிரல் எழுதியவள் என் பேத்தி வேல்விழி. முதல் வரன் அவளுடைய அண்ணன் பாண்டீஸ்வரன்.

வேலை எளிது. மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் குலதெய்வம் ஒன்றாக இருந்தால் பங்காளிகள், கல்யாணம் கூடாது. இதைச் சரிபார்க்கும் பகுதியைத் தேனியில் சிலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். அது வரும்வரை அதன் இடத்தில் ஒரு 'போலி'யை நிறுத்தி வேல்விழி சோதித்தாள். எந்தச் சாமியின் பெயரைக் கொடுத்தாலும் "பங்காளி இல்லை, செய்யலாம்" என்று தலையாட்டுவது போலியின் கடமை. இவ்வளவு அடக்கமான பிறவியை நான் மனிதரில் கண்டதில்லை.

ஆனால் எங்கள் வீட்டு விவரத்தைக் கொடுத்ததும் திரை சிவந்தது.

"தாத்தா, குலதெய்வம் கட்டத்தைக் காலியா விட்டிருக்கீக. 'நல்'லுன்னு வருது. போலி, பேரு குடுத்தாத்தான் தலையாட்டும்."

"இந்தப் பள்ளத்தாக்கு பூராவும் தெரிஞ்ச சாமிய நான் எழுதிக் காட்டணுமா ஆத்தா? அதெல்லாம் ஊரு பேரு தெரியாத ஆளுக செய்யுற வேலை."

"மிசினுக்குத் தெரியாதே தாத்தா."

"அப்ப மிசினத் திருத்து. குடுத்தாலும் ஆட்டணும், குடுக்காட்டியும் ஆட்டணும்."

"தேனிக்காரக எழுதுனது வந்து சேரும்போது மாட்டிக்கிருவோம்."

மாட்டுவது அவள் கவலை. கௌரவம் என் கவலை. ஒரு வரியை மாற்றினாள். திரை பச்சையானது. அதை 'வரலாற்றுச் சிறப்புமிக்க வெற்றி' என்று கமிட்டி தீர்மானம் நிறைவேற்றியது.

திறப்பு விழாவுக்கு மார்க்கையன்கோட்டையிலிருந்து, பாண்டீஸ்வரனுக்குப் பார்த்திருந்த பெண்ணின் தகப்பனார் சீனிச்சாமி வந்திருந்தார். பொருத்தம் வந்ததும் தாம்பூலம் மாற்றுவதாக ஏற்பாடு. பாண்டீஸ்வரன் புதுச்சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தான். போலியை எடுத்துவிட்டு அசலைப் பொருத்தியிருந்தார்கள். பொத்தானை நானே அழுத்தினேன்.

'குலதெய்வம்: நல்' என்று காட்டிவிட்டுத் திரை நின்றுபோனது.

"நல்லுன்னா என்னாத்தா?" என்றார் சீனிச்சாமி.

"ஒன்னுமே இல்லைன்னு அர்த்தம் மாமா." உண்மை பேசும் வியாதி என் பேத்திக்குச் சிறுவயது முதலே உண்டு.

"சாமியே இல்லாத வீட்டுக்கா எம்புள்ளையக் கேட்டு வந்தீக?" அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பேரச் சொல்லிருங்க தாத்தா!" பாண்டீஸ்வரன் கெஞ்சினான்.

பெண் வீட்டார் எழுந்த பிறகு விளக்கம் சொல்வது எங்கள் வம்சத்தில் இல்லை. நிமிர்ந்து நின்றேன். சீனிச்சாமியின் கார் புறப்பட்டுப் போனது.

மறுநாள் 'அவசர விசாரணைக் கூட்டம்'. குற்றவாளி யார் என்று கேட்க எழுந்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த பாண்டீஸ்வரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை.

"சரிங்கய்யா! அப்படியே செஞ்சிருவோம்!" முதல் நாற்காலி மொக்கைச்சாமி தொடங்கிக் கடைசி நாற்காலிவரை கமிட்டி முழுவதும் தலையாட்டியது.

வேல்விழி கணினியை அணைத்தாள்.

"நான் மெனக்கெட்டுப் போலி எழுதியிருக்கவே வேணாம் தாத்தா. இங்கன நீங்க ஒரு கமிட்டியே வச்சிருக்கீக."