மாமா வளர்த்த புல்

இங்கிலீஷே தெரியாதவர்களால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. என்னைப்போல அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் ஆபத்து. அந்த அரைகுறைக்கு இங்கிலீஷ் டீச்சர் நியமனமும் கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். (எனக்குக் கிடைத்து அப்போது நாலு மாதம்.)

அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, லண்டனில் காலமானார். சண்டைக் காலத்தில் எங்கள் கடற்கரை ஊரான ஓலைத்தொடுவாயை விட்டுப் போனவர் திரும்பி வரவேயில்லை. விசா கிடைக்காததால் அம்மாவால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. போனில் பார்த்து அழுதார். அதனால் முப்பத்தோராம் நாள் பூசையை எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் வைத்தோம். நினைவுரை என் பொறுப்பு.

மாமாவின் மகளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அப்பாவைப் பற்றி இங்கிலீஷில் நாலு வரி அனுப்பியிருந்தாள். முப்பது வருடம் அவர் 'ரெட்ரொப்'புக்காக உழைத்தார் என்று அதில் இருந்தது. எனக்குத் தெரியாத சொல். அவளிடமே கேட்டிருக்கலாம். டீச்சர் கேட்பதா? போனில் இருந்த அகராதியைத் தட்டினேன். 'செந்நிறக் கதிருள்ள ஒருவகைப் புல், கால்நடைத் தீவனம்' என்றது. அத்தோடு திருப்தியடைந்துவிட்டேன்.

பூசை முடிவில் ஒலிவாங்கியைப் பிடித்தேன். "கடற்கரையில் பிறந்த என் மாமா, கடும் பனியிலும் புல் வளர்த்து, வாயில்லா ஜீவன்களின் பசி தீர்த்தார்!" (பனியும் பசியும் என் சொந்தச் சரக்கு.)

"வலை இழுத்த பெடியன், அங்க போய் மாடோ பாத்தவன்?" என்று பின்வரிசை வாங்கில் யாரோ கேட்டது என் காதில் விழுந்தது.

அம்மா விம்மி விம்மி அழுதார். என் பேச்சின் உருக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தும் அம்மா சாப்பிடவில்லை. "பேப்பரிலை வேலை எண்டுதானே எனக்குச் சொன்னவன். நான் கவலைப்படுவன் எண்டு இவ்வளவு காலமும் பொய் சொல்லியிருக்கிறான். பனிக்குள்ள நிண்டு புல்லு வெட்டியிருக்கிறான், என்ர தம்பி."

உடனே லண்டனுக்கு அழைத்து, அம்மாவும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"புல்லோ? என்ன புல்லு மச்சாள்?" மாமாவின் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அது பேப்பர்! நடிகர்மாற்ற கிசுகிசு எல்லாம் போடுற பேப்பர். மேல பேர் போடுற இடம் சிவப்பா இருக்கும். அப்பா அதை அச்சடிக்கிற இடத்தில நிண்டவர்."

புல்லுக்குக் கதிர் சிவப்பு, பேப்பருக்குத் தலைப்பு சிவப்பு. இரண்டுக்கும் 'சிவந்த தலை' என்று ஒரே பெயரை வைத்துவிட்டார்கள். நான் மாமாவை மாட்டுக் கொட்டிலுக்கு அனுப்பிவிட்டேன்.

"அப்பா போனதுக்குப் பிறகு இண்டைக்குத்தான் சிரிக்கிறன்" என்றவள், சொல்லி முடிப்பதற்குள் அழத் தொடங்கினாள். இந்தப் பக்கம் நாங்களும் அழுதோம்.

அம்மா முகத்தைத் துடைத்தார். "அப்ப அவன் பொய் சொல்லேல்லை."

"ஓம் அம்மா."

"வாற ஞாயிறு கோயிலிலை திருத்திச் சொல்லு."

சொன்னேன். சுவாமியார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

இன்றைக்கும் பேப்பர் வந்தால், "அக்கா, புல்லு வந்திட்டுது" என்று என் தம்பி கத்துவான். லண்டனில் மாமா மகளின் பிள்ளைகளுக்கு நான் 'புல்லு மாமி'. எல்லோரும் சிரிப்போம். அம்மா மட்டும் பேப்பரை வாங்கி மடியில் விரித்து, முதல் பக்கத்தை உள்ளங்கையால் ஒருதரம் தடவிவிட்டுத்தான் எங்களிடம் தருவார்.