கோடித் துணியில் ஒரு சண்டைக் காட்சி

ஒருவர் இறந்துபோனால் அரசாங்கத்துக்குச் செய்ய வேண்டியது மிகவும் கொஞ்சம். பதிவு செய்ய வேண்டும், சான்றிதழ் வாங்க வேண்டும், வாரிசு விண்ணப்பம் போட வேண்டும். வழியில் எங்கே சிக்கினாலும் மேல்முறையீடு உண்டு. சொந்தக்காரர்களுக்குச் செய்ய வேண்டியதில் பிசகினால்தான் மேல்முறையீடு கிடையாது. வருவாய்த் துறையில் நடைமுறை பேசியே ஓய்வு பெற்ற நான், இதை டிராயர் போட்ட வயதிலேயே தாத்தாவின் சாவில் கற்றுக்கொண்டேன். (பாடம் நடத்தியதும் நானே.)

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். மற்ற பையன்கள் கோலியும் தீப்பெட்டிப் படமும் சேர்த்தார்கள். நான் பிலிம் சேர்த்தேன். டூரிங் கொட்டகையில் படம் அறுந்தால் ஆபரேட்டர் வெட்டி எறியும் துண்டுகள். பாட்டுக் காட்சி மலிவு. அழுகிற அம்மா முகத்தைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. சண்டைத் துண்டுக்கு ஒரு டிராயர் பை நிறையக் கோலி. என் பவுடர் டப்பாவில் கத்திச் சண்டை மட்டுமே ஒரு கட்டு இருந்தது.

வைத்திருந்தால் மட்டும் போதுமா? காட்ட வேண்டாமா? பியூஸ் போன பல்பின் வயிற்றைச் சுத்தம் செய்து தண்ணீர் ஊற்றி, இருட்டறைக்குள் தொங்கவிட்டு, வெளியிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிவிட்டு, நடுவில் பிலிமைப் பிடித்தால், எதிரே கட்டிய அப்பாவின் வேட்டியில் கதாநாயகன் தலைகீழாக நிற்பான். (பிலிமைத் தலைகீழாகப் பிடித்தால் அவன் நேராக நிற்பான் என்பது எனக்கு உறைக்கவே வெகுநாளாயிற்று.)

நல்ல கோடையில் தாத்தா போய்ச் சேர்ந்தார். சொந்தக்காரர்கள் அழுதுகொண்டு வந்தார்கள், அவர்களுடைய பிள்ளைகள் சும்மா வந்தார்கள். அத்தனை ரசிகர்கள் அதுவரை என் கொட்டகைக்கு வந்ததில்லை. ஒரே குறை, திரை இல்லை. அப்பா வேட்டியை ஈரத்தோடு உடுத்தியிருந்தார்.

அன்று மாமாவும் வந்திருந்தார். அம்மாவின் ஒரே அண்ணன். வெள்ளிமலையிலிருந்து கடுக்காயும் புளியும் இறக்கி வியாபாரம் செய்தவர். என் காதுகுத்தில், என்னை மடியில் வைத்துக்கொண்ட தாய்மாமனை, சாப்பாட்டுக்கு இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று அதுமுதல் எங்கள் வாசலை மிதிக்காமல் இருந்தார். மாமனாருக்காக முறையாக அழுதுகொண்டிருந்த அம்மா, அண்ணன் தலையைக் கண்டதும் அழுத அழுகை வேறு.

எங்கள் பக்கத்தில் பிணத்தைக் குளிப்பாட்டியதும், சம்பந்தி வீட்டார் தெருமுனையிலிருந்து மேளத்தோடு புதுத் துணி கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதுதான் கோடி. செத்தது பெண் என்றால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வர வேண்டும். வராவிட்டால் அவள் நாதியில்லாமல் போனவள். மற்ற சம்பந்திகள் வந்து சேரட்டும் என்று மாமா தன் கோடியை அம்மாவிடம் கொடுத்து வைத்தார். அம்மா அதை நெல் மூட்டை அறையில் வைத்தாள். எங்கள் வீட்டில் இருட்டறை அது ஒன்றுதான்.

கஞ்சி மொடமொடப்போடு, பால் வெள்ளையில் ஒரு திரை. ஊர்க் கொட்டகையில்கூட அப்படி இல்லை. வாசலில் ஒப்பாரி, உள்ளே கத்திச் சண்டை. 'இன்னொரு வாட்டி' என்று ரசிகர்கள் கேட்டதால், பிலிம் துண்டை வெயில் குவிகிற இடத்திலேயே நிறுத்தி வைத்தேன். அந்தக் காலத்துப் பிலிம் பீடிப் பொறிக்கே பற்றிக்கொள்ளும். விரல் சுட்டதும் உதறினேன். அது நேராகப் போய்த் திரையில் ஒட்டியது.

அணைத்துவிட்டேன். உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. பதறவில்லை. ஓட்டை உள்பக்கம் போகும்படி மடித்து, அதே தாளில் சுற்றி, அதே சணலால் கட்டி, அதே இடத்தில் வைத்தேன். (பிற்காலத்தில் நான் கோப்பு கட்டும் அழகைப் பாராட்டாத மேலதிகாரி இல்லை.)

மேளத்தோடு மாமா வந்தார். ஊரே பார்க்கத் துணியை உதறி, தாத்தாவின் தலையிலிருந்து கால்வரை போர்த்தினார். ஓட்டை சரியாக முகத்தில் வந்து உட்கார்ந்தது. டிக்கெட் வாங்காதவர் கொட்டகைக் கீற்றை விலக்கி எட்டிப் பார்ப்பதுபோல் தாத்தா பார்த்தார். மேளம் தானாக நின்றது.

சித்தப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னா மச்சான், ரெண்டாம் பந்திக்குப் பதிலா?"

மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. கடையில் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, புதுத் துணி என்று ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்னார். யாரும் நம்பவில்லை. அப்போது சித்தப்பா மகள் செல்வி, பேச்சு வந்து அதிக நாள் ஆகாதவள், மாமாவுக்குச் சாட்சி சொன்னாள்.

"அதுலதான் அண்ணன் படம் காட்டிக்கினு இருந்துச்சு. சண்டைப் படம்."

உண்மை தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அலுவலகங்களில்கூட உண்மையில்லை. மாமா என்னை அடிக்கவில்லை. அம்மாவைப் பார்த்தார்.

"எங்க வூட்டுத் துணின்னா உங்களுக்கு அவ்ளோ கேவலமாப் போச்சா? இனிமே இந்த வூட்டுக்கு நான் துணி எடுத்தாற மாட்டேன்."

"அண்ணே," என்றாள் அம்மா. "அப்ப எனக்கு யாருண்ணே கொண்டாருவா?"

மாமா சுடுகாட்டுக்கும் வராமல், மேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

நெய்ப்பந்தம் பிடித்துக்கொண்டு பேரனாக நான் தாத்தாவைச் சுற்றி வந்தபோது தேம்பித் தேம்பி அழுதேன். தாத்தா மேல் இன்னா பாசம் என்று கூட்டம் உருகியது. என் பவுடர் டப்பா அப்பாவின் இடுப்பில் செருகியிருந்ததை நான் மட்டும்தான் பார்த்திருந்தேன். சுடுகாட்டில் அதைத் திறந்து சிதையில் கொட்டினார். குப்பென்று எழுந்த தீயில் வெட்டியான் பின்னால் தாவினார். அத்தனை கத்திச் சண்டையும் தாத்தாவோடு போனது.

அதன்பிறகு மாமா நல்லது கெட்டதுக்கு வந்தார். வெறுங்கையோடு வந்தார். அவர் வாசலில் ஏறும்போதெல்லாம் அம்மா முகத்தைப் பார்க்க மாட்டாள், கையைப் பார்ப்பாள். நான் வேலைக்குப் போய், பதவி உயர்ந்து, ஊர்ச் சிக்கலையெல்லாம் உட்காரவைத்துப் பேசித் தீர்த்தேன். இந்த ஒன்றை எடுத்தால் மாமா, மலையில் மழையா என்று பேச்சை மாற்றுவார். கடைசிப் படுக்கையில் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மாமனுக்கு ஆள் அனுப்பினியா?"

அம்மா போனாள். பதிவு, குளிர்பெட்டி, வண்டி என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் காலையிலேயே முடித்துவிட்டேன். குளிப்பாட்டியும் ஆயிற்று. பிறந்த வீட்டுக் கோடி வரவில்லை. கடையில் ஒன்று வாங்கி யார் கையிலாவது கொடுத்துப் போடச் சொல்லலாம் என்றார்கள் பங்காளிகள். (நானே பலருக்கு அப்படிக் குறுக்கு வழி சொன்னவன்தான்.) முடியாது என்றேன்.

தெருமுனையில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. மாமா இறங்கினார். கூன் விழுந்து, கண் மங்கி, ஒரு கையில் தடி. இன்னொரு கையில் மஞ்சள் பை.

வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். புடவையை எடுத்து ஒரு முனையை என் கையில் கொடுத்தார். இருவரும் அதை வெயிலுக்கு நேராக விரித்துப் பிடித்தோம்.

"பொத்தல் கீதான்னு பாரு. எனக்குக் கண்ணு தெரியல."

முந்தியிலிருந்து மறுமுனைவரை பார்த்தேன். எனக்கும் அப்போது கண் சரியாகத் தெரியவில்லை. "இல்ல மாமா."

"நல்லாப் பாரு. எந்தங்கச்சிக்கு."

"இல்ல மாமா."

"வூட்ல படம் கிடம் ஓடலையே?"

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். மாமா உள்ளே போய்த் தங்கைக்குப் போர்த்திவிட்டு, கால்மாட்டில் உட்கார்ந்து குழந்தைபோல் அழுதார்.

அன்றுமுதல் எங்கள் பங்காளி வகையில் எந்தச் சாவிலும் கோடியை வெயிலில் விரித்துக் காட்டாமல் போர்த்துவதில்லை. மாமா போனபோது நான் கொண்டுபோனதையும் காட்டித்தான் போர்த்தினேன். வழக்கங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. அரசாணையும் பெரும்பாலும் இப்படித்தான். போன மாதம் சித்தி இறந்தபோது, கரியாலூர்ப் பக்கம் வேலை பார்க்கும் புது மாப்பிள்ளை ஒருவர், சூரியனுக்குக் காட்டுகிற இந்தச் சடங்குக்கு என்ன ஐதீகம் என்று பயபக்தியோடு கேட்டார். தாயைப் பறிகொடுத்து அழுதுகொண்டிருந்த செல்வி மூக்கைச் சிந்திவிட்டு என் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதோ ஆபரேட்டரு உக்காந்துக்கினு கீறாரு. அவரைக் கேளுங்க."